பூஜை போட்ட வண்டி

கணபதிராமனின் காருக்கு அன்று காலையில் அது மூன்றாவது ஸ்நானம். முதலில் குழாய்த் தண்ணீர், அப்புறம் சீயக்காய், கடைசியில் கிணற்று ஜலம். அவர் மட்டும் இன்னும் குளிக்கவில்லை. இரண்டாம் கையாக வாங்கி ஏழு வருஷமான ஃபியட்தான். ஆனால் அவர் தேய்த்த தேய்ப்பில் அதன் பெயிண்ட் வெங்காயச் சருகின் கனத்துக்கு வந்திருந்தது. தெருக் காகங்கள் அதன் கதவில் முகம் பார்த்துப் பார்த்துக் கர்வம் பிடித்து, பக்கத்துத் தெருக் காகங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டன என்பது அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

1990ஆம் வருஷத்து ஆயுத பூஜை நாள் அது. மைசூரில் அன்றைக்குச் சக்கரம் என்று ஒன்று இருந்தால் அதற்குச் சந்தனமும் குங்குமமும் உண்டு. பஸ்ஸுக்கு வாழைக்கன்று, சைக்கிளுக்குச் செண்டுப்பூ, தையல் மெஷினுக்கு மாலை. வண்டிக்குச் சுற்றிய பூசணிக்காயை நடுத்தெருவில் போட்டு உடைப்பார்கள். உள்ளே கொட்டிய குங்குமத்தோடு அது சிதறிக் கிடக்கும். திருஷ்டி வண்டிக்காரரை விட்டுப் போய்விடும். வழுக்கல் ஊருக்கு மிஞ்சும்.

கணபதிராமனின் அப்பா ரயில்வே உத்தியோகத்துக்காக மைசூர் வந்து அப்படியே தங்கிவிட்டவர். மகன் ஓர் அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தர். முப்பத்தொரு வருஷ சர்வீஸில் அவருடைய பணிப்பதிவேட்டில் ஒரு மெமோ கிடையாது, ஒரு விளக்கக் கடிதம் கிடையாது. இன்னும் எட்டு மாதத்தில் ஓய்வு. அந்தப் பதிவேடு ஒரு கறையும் இல்லாமல் மூடப்பட வேண்டும் என்பதுதான் அவருக்கு மிச்சமிருந்த ஒரே ஆசை. எது நடந்தாலும் ஒரு நோட்டில் மணி போட்டு எழுதுவார், அடியில் கார்பன் வைப்பார், சம்பந்தப்பட்டவரிடம் கையெழுத்து வாங்கிவிடுவார். கல்யாணத்தன்று பெண்ணைப் பெற்றுக்கொண்டதற்கு மாமனாரிடம் ரசீது எழுதிக் கொடுத்தவர் என்று சொல்வார்கள். அந்தப் பெண்ணான கனகலக்ஷ்மி இதை இதுவரை மறுத்ததில்லை.

சக்கரத்துக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கார் ஒன்பது மணிக்குப் புறப்பட்டது. சீட்டுகளுக்குப் புதிதாக வெள்ளைத் துண்டு உறை. பின்சீட்டில் பட்டுப்புடவையில் கனகலக்ஷ்மி. பிள்ளையார் கோயில் வாசலில் காரைக் காட்டிவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான் யாத்திரை. ரயில்வே ஸ்டேஷனைத் தாண்டிய தெருவில் யாரோ உடைத்த பூசணிக்காய் ஒன்று கிடந்தது. எதிரே பூக்கூடையோடு சைக்கிளில் வந்த ஆள் அதன்மேல் ஏற்றினார். சைக்கிள் ஒரு பக்கம் போயிற்று, ஆள் ஒரு பக்கம் போனார். அவர் வலது கால் மட்டும் காரின் முன்சக்கரத்துக்கு அடியில் போய் வெளியே வந்தது.

இதில் கணபதிராமன்மேல் எள்ளளவும் தப்பில்லை. மாட்டு வண்டியைவிட மெதுவாகத்தான் ஓட்டினார். சட்டென்று பிரேக் போட்டார். இறங்கினார். இறங்கியதும் பம்பரைப் பார்த்தார். பம்பருக்கு ஒன்றுமில்லை. சாலையில் தெரிந்த சிவப்பில் பாதி குங்குமம். மீதிப் பாதியை அவர் பார்க்கவில்லை.

விழுந்தவர் பெயர் ஜடையன். தமிழ்நாட்டு எல்லையோரக் கிராமமான கௌதள்ளிக்காரர். ஆயுத பூஜைக்கு விற்கலாமென்று தன் காட்டில் விளைந்த செண்டுப்பூவை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, வாடகை சைக்கிளில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"வழுக்கிருச்சுங் சாமி," என்றார், ஏதோ மன்னிப்புக் கேட்பதுபோல. "காலு அசைய மாட்டேங்குதுங். ஆசுபத்திரிக்குக் கொண்டு போயிருங்."

கனகலக்ஷ்மி அதற்குள் இறங்கிவிட்டாள். "ஏன்னா, பின்கதவைத் திறங்கோ. பெரிய ஆஸ்பத்திரி நாலு நிமிஷம். நான் முன்னாடி உக்காந்துக்கறேன்."

"எதுல கொண்டு போறது?"

"இதென்ன கேள்வி. நம்ம வண்டிலதான்."

"பூஜை போட்ட வண்டி இது. இன்னிக்குப் போய் ரத்தம் படலாமா? வருஷம் பூரா ஆகாது." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தப்பு நம்ம மேல இல்லைடி. தூக்கிண்டு போனா தப்பு நம்மதுன்னு ஒத்துண்ட மாதிரி ஆயிடும். கேஸ் போடுவான். எனக்கு எட்டு மாசம் இருக்கு, தெரியுமோல்லியோ?"

"அவருக்கு எத்தனை நிமிஷம் இருக்குன்னு தெரியுமா?"

இந்தக் கேள்விக்குக் கணபதிராமனிடம் விதி எதுவும் இல்லை. ஆகவே பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

அந்த வழியாக ஒரு டாங்கா வந்தது. குதிரைக்கு நெற்றியில் குங்குமம், கழுத்தில் மாலை. ஓட்டி வந்த தொட்டையன் குதித்து ஓடிவந்தார். வீட்டில் கன்னடம் பேசுகிறவர். சவாரிக்காக நாலு பாஷை வைத்திருந்தார்.

"ஐயோ, ஏனு சாமி ஆச்சு? தூக்கி நம்ம டாங்காவுல போடுங்க. பேக, சீக்கிரம் போயிடலாம்."

"தொடாதே," என்றார் கணபதிராமன். "இன்னும் மஹஜர் ஆகலை. இடத்தை அளக்கறதுக்கு முன்னாடி ஆளை நகர்த்தினா சாட்சியம் கெட்டுப்போயிடும். உன் பேரென்ன? அப்பா பேரு? டாங்கா லைசென்ஸ் எங்கே?"

வெள்ளைச் சட்டை, கார், கையில் நோட்டு, வாயில் மஹஜர். தொட்டையன் இரண்டடி பின்னால் போய் நின்றுவிட்டார். குதிரை மட்டும் பின்வாங்கவில்லை. அதற்கு லைசென்ஸ் பற்றித் தெரியாது.

கணபதிராமன் காரிலிருந்து குடையை எடுத்துச் சாலையை அளந்தார். பூசணிக்காயிலிருந்து சக்கரம் வரை நாலு குடை. ஓரத்திலிருந்து கார் வரை இரண்டரைக் குடை. கார் தன் பக்கத்தில்தான் இருந்தது என்பது குடைக்கணக்கில் தெளிவாக நிரூபணமாயிற்று. அவர் அளந்து முடிக்கும் வரை கனகலக்ஷ்மி பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஸீட்டிலிருந்து ஒரு வெள்ளைத் துண்டை உருவி, ஜடையனின் முழங்காலுக்கு மேலே இறுக்கிக் கட்டினாள்.

"மூணு உறை ஒரு செட்டு," என்றார் கணபதிராமன். அவள் முடிச்சை இன்னும் இறுக்கினாள்.

பிறகு வாக்குமூலம். எழுத மேஜை வேண்டியிருந்தது. காரின் பானெட்டில் எழுதலாமா? அதற்குச் சந்தனம் இட்டிருக்கிறது. பூக்கூடையைக் கவிழ்த்தார். செண்டுப்பூ சாலையில் கொட்டியது. கூடையின் அடிப்பக்கம் எழுதத் தோதாக இருந்தது. இரண்டு கார்பன் வைத்து, நிதானமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி, உரக்கப் படித்தும் காட்டினார்.

"கௌதள்ளி ஜடையன் ஆகிய நான் சுயநினைவோடு சொல்வது யாதெனில், பூசணிக்காயில் வழுக்கி நானே விழுந்தேன். கார்க்காரர்மேல் யாதொரு தப்பும் இல்லை." படித்துவிட்டுக் கேட்டார்: "சரிதானே?"

"சரிதானுங். கைநாட்டு வச்சாக் கொண்டு போவீங்களா சாமி?"

"முதல்ல வை."

ஸ்டாம்ப் பேடு கையில் இல்லை. தேவைப்படவும் இல்லை. ஜடையனின் கட்டைவிரல் ஏற்கெனவே நனைந்திருந்தது. மூன்று பிரதியிலும் நன்றாகப் பதிந்தது.

கணபதிராமன் அதை ஊதி உலர்த்தி மடித்து வைத்துக்கொண்டார். "நான் போய் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்றேன். ஏறு கனகம்."

"நீங்க போங்கோ," என்றாள் கனகலக்ஷ்மி. பட்டுப்புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, தொட்டையனோடு சேர்ந்து ஜடையனைத் தூக்கி டாங்காவில் கிடத்தினாள். தானும் ஏறி, அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். கார் நாலு நிமிஷத்தில் போயிருக்கும் தூரம். தசரா ஜனத்துக்குள் அந்தக் குதிரைக்கு இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று.

கணபதிராமன் சொன்ன வாக்குத் தவறவில்லை. கோயில் பக்கத்துக் கடையில் போன் கேட்டார். அன்று டெலிபோனுக்கும் பூஜை. ரிஸீவர்மேல் பூ வைத்திருந்தார்கள். "நாளைக்குத்தான் எடுக்கணும் சார்," என்றான் கடைக்காரன். சாஸ்திரத்தை மதிக்கிற கணபதிராமன் மேலே வற்புறுத்தவில்லை. கார் பிள்ளையாரைப் பார்த்தது. பிள்ளையார் காரைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, அது பதிவில் இல்லை.

மத்தியானம் அவரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். விபத்து நடந்தால் இருபத்து நாலு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, தெரிவித்தார். வாக்குமூலத்தின் ஒரு பிரதி, வரைபடம், நோட்டின் நகல் எல்லாவற்றையும் கோப்பாகக் கட்டிக் கொடுத்து, ரசீது கேட்டார். கைநாட்டின் நிறத்தைப் பார்த்த சப் இன்ஸ்பெக்டர் தாளை வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்துப் பார்த்தார்.

"நம்ம சர்வீஸ்ல இப்படி ஒருத்தரைப் பார்த்ததில்ல ஸார்," என்றார் கடைசியில். கணபதிராமன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

ஜடையனின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அதன் பிறகு கனகலக்ஷ்மி கணவரோடு பேசவில்லை. சொல்ல வேண்டியதைச் சுவரில் இருந்த காலண்டரிடம் சொன்னாள். "சாதம் ஆயிடுத்து" என்பாள் காலண்டரிடம். "இன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போறேன், அவர் பெண்டாட்டி பூவாத்தாள் தனியா இருக்கா" என்பாள். காருக்குப் பக்கத்தில்கூடப் போகமாட்டாள். ஆபீஸிலும் அப்படித்தான், முன்பு அவர் மேஜையைச் சுற்றி நின்று காபி குடித்தவர்கள் இப்போது அடுத்த கட்டடத்துக்குப் போய்க் குடித்தார்கள். ஒரு நாள் காலை காரின் கண்ணாடியில் யாரோ ஒரு கட்டைவிரல் அளவுக்குக் குங்குமம் வைத்திருந்தார்கள். அதைக் கழுவினார். மறுநாளும் இருந்தது. கழுவிக் கழுவி அந்த இடத்தில் கண்ணாடியே மெலிந்துபோயிற்று என்று அண்டை வீட்டார் சத்தியம் செய்வார்கள்.

இதற்கெல்லாம் அவர் கலங்கவில்லை. போலீஸ் போட்ட வழக்கில் விடுதலையாகி, பதிவேடு வெள்ளையாக மூடிவிட்டால் எல்லோர் வாயும் மூடிவிடும் என்று இருந்தார்.

ஐந்தே மாதத்தில் வழக்கு விசாரணைக்கு வந்தது. இது எப்படி இவ்வளவு சீக்கிரம் என்று யாரும் ஆச்சரியப்பட வேண்டாம். கோப்பு அவ்வளவு ஒழுங்காக இருந்தது. குற்றச்சாட்டு இரண்டு. ஒன்று, கவனக்குறைவாக ஓட்டிப் பலத்த காயம் விளைவித்தது. மற்றது, 1989இல் அமலுக்கு வந்த புதிய மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, காயம்பட்டவருக்கு வைத்தியம் கிடைக்க வழி செய்யாமல் போனது.

"இரண்டாவதை விடுங்க, சும்மா சேர்த்திருக்கான்," என்றார் வக்கீல் சந்திரன். "முதல்ல தப்பு உங்க மேல இல்லைன்னு ஆயிட்டா, ரெண்டாவது தானே விழுந்துடும்."

கணபதிராமனும் அதைத்தான் நம்பினார். கூண்டில் ஏறித் தன் நோட்டைத் தானே மணிப்பிரகாரம் வாசித்தார். கோர்ட் பாஷை கன்னடம். கணபதிராமனின் கன்னடம் அரசாங்கச் சுற்றறிக்கை மாதிரி இருக்கும். நாலு குடை, இரண்டரைக் குடை என்று வந்தபோது பின்வரிசையில் சிரித்தார்கள். ஜடையன் ஊன்றுகோலோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இருபுறமும் பூவாத்தாளும் கனகலக்ஷ்மியும். அவர்கள் சிரிக்கவில்லை.

மாஜிஸ்ட்ரேட் தார்வாடு பக்கத்துக்காரர், வயதானவர், மெல்லிய குரல். நோட்டை வாங்கி வைத்துக்கொண்டார்.

"மிகவும் தெளிவான குறிப்பு. விபத்து ஒன்பது எட்டுக்கு. ஒன்பது பத்துக்கு என்ன பார்த்தீர்கள்?"

"பம்பரை, ஐயா. சேதமில்லை."

"ஒன்பது பன்னிரண்டு முதல் பதினேழு வரை?"

"சாலையை அளந்தேன்."

"ஒன்பது இருபது முதல் இருபத்தெட்டு வரை வாக்குமூலம். சரி. அவர் காலை எப்போது பார்த்தீர்கள்?"

கணபதிராமன் நோட்டுக்காகக் கை நீட்டினார். வாங்கிப் புரட்டினார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். அந்தக் குறிப்பு இல்லை.

சந்திரன் எழுந்தார். "ஐயா, கூட்டம் ஆத்திரப்பட்டு அடிக்க வரும் நிலைமையில் ஓட்டுநர் அங்கே உதவிக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்று அதே பிரிவில் இருக்கிறது."

மாஜிஸ்ட்ரேட் நோட்டைத் திரும்ப வாங்கி ஒரு வரியைத் தேடிப் படித்தார். "'கூட்டம்: இல்லை. டாங்காக்காரர் ஒருவர், குதிரை ஒன்று.' குதிரை ஆத்திரப்பட்டதா?"

சந்திரன் உட்கார்ந்துவிட்டார்.

"கடைசிக் குறிப்பு," என்றார் மாஜிஸ்ட்ரேட். "'ஒன்பது இருபத்தொன்பது. புறப்பாடு. மனைவி வரவில்லை.'" நோட்டை மூடினார். நாலு பேர் உட்காரும் வண்டியில் ஒரே ஒருவர் ஏறிப் போயிருக்கிறார் என்பதை வேறு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தீர்ப்பு அன்றே வந்தது. கவனக்குறைவாக ஓட்டியதாகச் சொன்ன முதல் குற்றச்சாட்டிலிருந்து விடுதலை. அவர்மேல் தப்பில்லை என்பதை அவருடைய குடையே நிரூபித்துவிட்டது. கணபதிராமன் சந்திரனைப் பார்த்துத் தலையசைத்தார். மாஜிஸ்ட்ரேட் அடுத்த தாளைப் புரட்டினார்.

"இரண்டாவது குற்றச்சாட்டு. விபத்து யாரால் நடந்தது என்று இந்தப் பிரிவு கேட்கவே இல்லை. உங்கள் வண்டி அதில் சம்பந்தப்பட்டதா, காயம்பட்டவருக்கு வைத்தியம் கிடைக்க உங்களால் ஆனதைச் செய்தீர்களா, இந்த இரண்டைத்தான் கேட்கிறது. செய்யாவிட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஐந்நூறு ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நாலு நிமிஷத்தில் ஆஸ்பத்திரி. அரை மணி முந்தி வந்திருந்தால் காலைக் காப்பாற்ற முயன்றிருக்கலாம் என்கிறார் டாக்டர். நீங்கள் இருபத்தொரு நிமிஷம் அங்கே இருந்திருக்கிறீர்கள். தூக்க வந்தவரையும் தடுத்திருக்கிறீர்கள். நீங்களே எழுதியிருப்பதால் வேறு சாட்சி தேவைப்படவில்லை. நிமிஷத்துக்கு ஒரு நாளாக இருபத்தொரு நாள் சிறை."

நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குமேல் காவலில் இருக்கும் அரசு ஊழியர் தற்காலிக நீக்கம் செய்யப்பட்டவராகக் கருதப்படுவார் என்ற விதி கணபதிராமனுக்கு மனப்பாடம். எத்தனையோ பேருக்கு அந்த உத்தரவை அவர் கையால் அடித்து அனுப்பியிருக்கிறார், நகலோடு.

வெளியே தாழ்வாரத்தில் சந்திரன் வேகமாகப் பேசினார். "பயப்படாதீங்க. இப்பவே ஜாமீன், நாளைக்கே அப்பீல். சாயங்காலம் வீட்டுல இருப்பீங்க. பதிவேட்டுல ஒண்ணும் ஏறாது. அதோட, 'எனக்கு இவர்மேல வருத்தம் ஒண்ணுமில்லை'ன்னு அந்த ஆள்கிட்ட ஒரு வரி வாங்கிட்டா அப்பீலுக்கு ரொம்ப பலம். நானே எழுதிட்டேன். கைநாட்டு மட்டும்தான்."

கணபதிராமன் தாளை வாங்கிக்கொண்டு, தாழ்வாரத்துக் கோடியில் ஜடையன் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்குப் போனார். போகும்போது சட்டைப் பையில் ஸ்டாம்ப் பேடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார். இந்த முறை இருந்தது.

"ஜடையன், கோர்ட்டே சொல்லிடுத்து, தப்பு என்மேல இல்லைன்னு. இதுல ஒரு..."

ஜடையன் தாளையும் பார்த்தார், ஆளையும் பார்த்தார். கத்தவில்லை. தன் வயலுக்குள் வந்த பக்கத்து வயல்காரர் மாட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"ஏனுங், தப்பு உங்க மேலன்னு நா எப்பவாச்சும் சொன்னனுங்களா? வழுக்குனதும் நானுங், உளுந்ததும் நானுங். அதுல உங்களுக்குப் பங்கு ஒண்ணும் இல்லீங். நா கெடந்தப்ப பக்கத்துல நின்னீங்க பாருங், அது மட்டுந்தானுங் உங்களுது. அதுக்கு எங்கிட்டக் கைநாட்டு வாங்கி என்ன பண்ணப் போறீங்? அன்னைக்கு வச்சா ஏத்திக்குவீங்கன்னு நெனச்சு வச்சனுங். இன்னைக்கு அந்த நெனப்பு இல்லீங்."

பூவாத்தாள் தாளை அவர் கையிலிருந்து பிடுங்கி, கிழிக்காமல், நாலாக மடித்துத் திரும்ப அவர் கையிலேயே வைத்தாள். "எடுத்துக்கிட்டுப் போங்க. எங்க கண்ணு முன்னால நிக்காதீங்க." கனகலக்ஷ்மி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். கணபதிராமன் குனிந்தார். முதல் முறையாக ஜடையனின் காலைப் பார்த்தார். அதாவது, அது இல்லாத இடத்தை. மடித்துக் குத்திய வேட்டி நுனியில் ஒரு ஊக்கு இருந்தது. அவர் நின்ற நேரத்தை யாரும் குறித்து வைக்கவில்லை.

பிறகு சந்திரனிடம் வந்து எல்லாத் தாளையும் திருப்பிக் கொடுத்தார்.

"அப்பீல் வேண்டாம்."

"ஸார், விளையாடறீங்களா? முப்பத்தொரு வருஷ சர்வீஸ். பதிவேடு?"

"எழுதட்டும். எழுத வேண்டியதுதான்."

சந்திரன் தலையில் கை வைத்துக்கொண்டார். கூட்டிப் போக வந்த கான்ஸ்டபிள் இளவயதுக்காரர். இதுவரை இப்படித் தானாக நடந்து வந்து நின்ற கைதியைப் பார்த்ததில்லை போலிருக்கிறது. படியிறங்கும்போது தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஸார், தப்பு உங்க மேல இல்லேன்னு ஜட்ஜ் சாஹேபரே சொல்லிட்டாராமே. மத்தே, அப்புறம் ஏன் உள்ள போறீங்க?"

"தப்பு யார் மேலன்னு அளந்துண்டு நின்னேன்ப்பா, அதுக்காக. அடிபட்டவனைத் தூக்கறது தப்புப் பண்ணினவன் வேலைன்னு நெனைச்சேன். இல்லை. அது பக்கத்துல இருக்கறவன் வேலை. வண்டியும் வச்சிண்டு இருந்தா, முதல் வேலை. செய்யாம போனா சட்டம் ஜெயில்ல போடும். போடாட்டாலும் அவன் குத்தவாளிதான்."